சல்லடையும் மஞ்சள் தொப்பியும்

"அக்கா, சுவிட்சுல தொப்பி இல்லக்கா."

"மாட்டிட்டுத்தான் உள்ள போனேன்னு உங்க மாமா சொல்றாரே. அப்ப அவரு புளுகுறாரா?"

"மாமா ஏன் புளுகணும்? ஆனா நான் பாத்தப்ப அங்க இல்ல. இருந்திருந்தா சுவிட்சப் போட்டிருப்பேனாக்கா?"

"அவரும் புளுகல, நீயும் புளுகல. தொப்பி கால் முளைச்சு எறங்கிப் போச்சாக்கும். போடா. இனிமே என் வீட்டு வாசல மிதிக்காத."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தம்பியோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அப்போதுதான் கணவரின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

கணவரும் தம்பியும் ஒரே கல் கிரஷரில் வேலை பார்த்தவர்கள். உடைத்த கல்லை அளவு வாரியாகப் பிரிக்கும் பெரிய சல்லடைகள் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக ஆடிக்கொண்டிருக்கும். கல் அடைத்துக்கொண்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே போய் எடுக்க வேண்டும். போகிறவர் தன் மஞ்சள் தொப்பியைச் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். தொப்பி தொங்கினால் முதலாளியே வந்தாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. தொப்பி இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம் அது.

விபத்துக்குப் பிறகு தொப்பி சல்லடைக்கு அடியில் கல்லோடு கல்லாகக் கிடந்தது. தம்பிதான் கவனிக்காமல் தட்டிவிட்டு, பிறகு அங்கே வீசி மறைக்கப் பார்த்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவனை மெஷின் பக்கமே விடாமல் லாரி கழுவ அனுப்பினார்கள். அவளும் அதைத்தான் நம்பினாள். மாமாவின் தட்டிலிருந்து உரிமையோடு எடுத்துத் தின்கிறவன் உட்காரும் நாற்காலி, சாப்பாட்டு மேஜையில் மாதக்கணக்காகக் காலியாகவே இருந்தது.

கணவர் மட்டும் இருந்தாற்போலிருந்து, "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார். அவள் நிமிர்ந்து, "கேளுங்க" என்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும், "டீ இருக்கா?" என்று முடித்துக்கொள்வார். இப்படிக் குடித்த டீக்குக் கணக்கே இல்லை.

மிச்சமிருந்த விரல்கள் விறைத்துப்போயின. "சின்னச் சின்னதா ஏதாவது எடுத்து மாட்டிப் பழகுங்க" என்றாள் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண். மகளுடைய பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவர் அவற்றை வைத்து வீடு கட்டுவார், கார் செய்வார் என்று பார்த்தால், சல்லடை கட்ட ஆரம்பித்தார்.

"அது பிடிச்சுக் கடிச்சது போதாதா? அதையே கொண்டாந்து சாப்பாட்டு மேஜையில வைக்கணுமா?" என்று சத்தம் போட்டாள் அவள்.

"எனக்குத் தெரிஞ்ச மெஷின் அது ஒண்ணுதாம்மா. விமானமா கட்டச் சொல்ற?"

முதல் சரிவில் கட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி விட்டார். அதற்குக் கீழே இன்னொரு சரிவு, குறுகலான இடைவெளிகளோடு. பக்கத்தில் சுவிட்ச் வைத்த பொம்மை மோட்டார்; அதில் கோணலாக மாட்டிய சக்கரம் சுற்றச்சுற்ற, இரண்டு சரிவுகளும் வெடவெடவென்று ஆடின. பெரிய கல்லுக்கு, நடுத்தரத்துக்கு, பொடிக்கு என்று தனித்தனியாக டப்பா. கல் தெறிக்காமல் இருக்க ஒரு பக்கம் உயரமாக அட்டை நிறுத்தினார். ஒரு கட்டையை அழுத்தி மாட்டவே ஆரம்பத்தில் வியர்த்துக் கொட்டியவருக்கு, மெஷின் வளர வளர விரல்களும் மடங்கத் தொடங்கின.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பூந்தொட்டியைச் சுற்றிக் கிடந்த கற்களை முறத்தில் அள்ளிவந்தார் அவர். அலமாரிக்கு மேலிருந்து பழைய மஞ்சள் தொப்பியையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நீதான் ஆபரேட்டர். சுவிட்ச் உன் பக்கம். சட்டம் தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும். ஆபரேட்டருக்குச் சம்பளம் உண்டா?"

"ஒரு டீ."

"அதையும் நானே போடணும். நல்ல வேலைதான்."

சுவிட்சைப் போட்டாள். கற்கள் குதித்துக் குதித்து இறங்கின. பெரிய கல் அதன் டப்பாவிலும் பொடி அதன் டப்பாவிலும் விழுவதைப் பார்த்ததும், திட்டியதையெல்லாம் மறந்து கைதட்டினாள். அதற்குள் கீழ்ச் சரிவில் கல் அடைத்துக்கொண்டது.

"நிறுத்து!" என்றார். நிறுத்தினாள். அவர் பெரிய வேலைக்காரர் மாதிரி கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிச் சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்த தம்பியின் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, அட்டைக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

தரையில் சிதறிய கற்களை அவள் பொறுக்கினாள். பொறுக்கி முடித்து எழுந்தாள். அட்டை மட்டும்தான் தெரிந்தது. நாற்காலியைப் பார்த்தாள். தொப்பி இல்லை. சுவிட்சைப் போட்டாள்.

"ஏய்! ஏய்!"

பதறி நிறுத்தினாள். அட்டைக்குப் பின்னாலிருந்து அவர் விரலை உதறிக்கொண்டே நிமிர்ந்தார். கட்டை இடித்ததுதான், காயம் எதுவுமில்லை.

"உள்ள ஆள் இருக்கேன், நீ பாட்டுக்குப் போடுற?"

"தொப்பி இல்லையேங்க!"

சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவள் காதில் விழுந்தது.

அவர் நாற்காலியைப் பார்த்தார். அவள் அவருடைய தலையைப் பார்த்தாள். தொப்பி அங்கே இருந்தது.

அவர் கை மெதுவாக மேலே போய் அதன் விளிம்பைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

"மேல் சரிவுல மிச்சமிருந்த கல்லு... தலையில பொலபொலன்னு விழுந்துச்சு" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "கை தானா போய் எடுத்துச்சு. எடுத்ததே எனக்குத் தெரியல."

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். "அன்னைக்கும்..."

"அன்னைக்கும் விழுந்துச்சு." அவர் கண்கள் அவளைப் பார்த்தபடியே வேறெங்கோ இருந்தன. "மேல் சல்லடையில இருந்து. வலி பொறுக்காம வெளிய வந்தேன். மாட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. எடுத்தது... ஐயோ, எடுத்தது இப்பத்தான்..."

சல்லடைக்கு அடியில் தொப்பி கிடந்தது எப்படி என்று அவளுக்கும் இப்போது புரிந்தது. யாரும் வீசவில்லை. எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போன அவர் தலையிலிருந்துதான் விழுந்திருக்கிறது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த கற்கள் ஒவ்வொன்றாக நழுவின. தாழ்வாரத்தில் முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்ற தம்பி கண்முன் வந்தான். தொப்பிக்குக் கால் முளைத்ததா என்று கேட்டாளே. அன்று சுவிட்சருகே நின்றது அவளாக இருந்திருந்தால், அவளும் போட்டிருப்பாள். இதோ, இப்போது போட்டாளே.

"நான் என்னென்ன பேசிட்டேன் அவன..." என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். நாற்காலியில் மாட்டப் போனவர், மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் கிரஷர்ல எல்லாருக்கும் முன்னால நான் சொல்றேன். அது என் பொறுப்பு." அவள் பக்கம் திரும்பினார். "ஆனா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"டீயா?" பழக்கதோஷத்தில் அவள் வாய் தானாகக் கேட்டது. கண்ணீர் அதற்குள் கன்னத்துக்கு வந்துவிட்டது.

அவர் தலையாட்டி மறுத்தார்.

"இது தெரியறதுக்கு முன்னாடியே கேக்க நெனச்சதுதான். தப்பு அவன் பேர்லயே இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன். எனக்காகத்தான் நீ கோவமா இருக்கியேன்னு வாய மூடிக்கிட்டேன்." மூன்று விரல் கையால் அவள் கையைப் பிடித்தார். விரல்கள் முழுதாக மடங்கின. "உன் தம்பிய வீட்டுக்குக் கூப்பிடும்மா."