ஒரு சாட்டையடி பாக்கி

ஜுன்துப் மேலாடையைக் கழற்றி மடித்துத் தரையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கூஃபாவின் பெரிய பள்ளிவாசல் முற்றத்தில் அன்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தும் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. காவலன் ஒருவன் அடிவாங்குவதைப் பார்க்க ஊருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. பக்கத்து ஊரான ஹீராவிலிருந்து ஒட்டகம் பிடித்து வந்தவர்களும் உண்டு. கண் தெரியாத கிழவர் ஒருவர் முண்டியடித்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார், தனக்குச் சத்தம் மட்டும் போதும் என்று சொல்லி.

எல்லாம் மதீனாவிலிருந்து கலீஃபா அனுப்பிய புது உத்தரவால் வந்தது. அதிகாரத்தில் இருப்பவன் எவனாவது யாரையாவது அநியாயமாக அடித்திருந்தால், அடிபட்டவன் அதே அடியைத் திருப்பிக் கொடுக்கலாம். உத்தரவு வாசிக்கப்பட்ட அன்று ஊரில் பாதிக் காவலர்களுக்கு வயிற்றுப்போக்கு. மீதிப் பாதிக்குத் தூரத்து ஊரில் சொந்தக்காரர் சாகக் கிடந்தார். ஜுன்துபுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. பேரீச்ச மரமேறி மிஹ்ரான் எழுந்து நின்று அவன் பெயரைத்தான் சொன்னான்.

காவல் தலைவர் நுமைர் சாட்டையை நீட்டினார்.

"இந்தாய்யா, பிடி. ஒரே அடிதான். ரெண்டாவது விழுந்துச்சுன்னா அதுக்கு நீ முதுகைக் காட்டணும், பாத்துக்க."

மிஹ்ரான் வலது கையைச் சால்வைக்குள்ளிருந்து எடுக்கவேயில்லை. சாட்டையைப் பார்த்தான், முதுகைப் பார்த்தான், கொஞ்சம் யோசித்தான்.

"இன்னைக்கு வேணாங்க."

"மன்னிச்சுட்டியா?"

"அப்படி எப்ப சொன்னேன்? அடி என்னோடதுதானே? எப்ப எடுக்கணுமோ அப்ப எடுத்துக்கறேன்."

நுமைர் உத்தரவை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். எப்போது அடிக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. "சரி, உன் இஷ்டம்" என்றார். கண் தெரியாத கிழவர்தான் ரொம்ப நொந்துபோனார். "அப்ப நான் எதுக்குடா இவ்வளவு தூரம் வந்தேன்?"

அடிக்குக் காரணம் சந்தையில் ஓர் இடம். சந்தையில் யாருக்கும் சொந்த இடம் கிடையாது. காலையில் யார் முதலில் வந்து உட்காருகிறானோ, எழுந்து போகும்வரை இடம் அவனுடையது. இதுவும் புதுச் சட்டம்தான், நல்ல சட்டம்தான். அன்று நிழலான மூலையில் மிஹ்ரான் பேரீச்சக் கூடையோடு உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறிய பிறகு நெய்த் தோல்பைகளோடு வந்த பெரியவர், அந்த இடம் என்னுடையது, தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன் என்றார். அந்தப் பெரியவர் ஜுன்துபின் மாமனார். சண்டை முற்றியது. ஜுன்துப் சாட்டையை வீசினான். அடி முதுகில் விழாமல் வலது தோளில் விழுந்தது. காய்ந்த நாணலை ஒடித்தது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் மூன்று தெரு தள்ளி ஒரு கழுதை கால் இடறி விழுந்ததாகச் சொல்கிறார்கள். கழுதை விழுந்தது உண்மை.

விசாரணையில் நுமைர் கேட்டபோது ஜுன்துப், "நெரிசல்ல யாரு மொதல்ல வந்தான்னு தெரியலைங்க, அவசரப்பட்டுட்டேன்" என்றான். ஊரும் அதை நம்பியது. தவறிப்போய் அடித்தான், பாவம், ஒப்புக்கொண்டான், நல்லவன். ஜுன்துபுக்கு மட்டும் தெரியும். விடியலில் ரோந்து வந்தபோது அந்த மூலையில் மிஹ்ரான் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். பாக்கி இருப்பது தவறிப்போய் அடித்ததற்கான அடி. தெரிந்தே அடித்ததற்கு எத்தனை என்று எந்த உத்தரவிலும் இல்லை.

அன்றிலிருந்து அவன் முதுகு தனி ஆளாகிவிட்டது. யாராவது பின்னால் தும்மினால் சிலிர்க்கும். தூங்கும்போது அது மட்டும் விழித்திருக்கும். அடி விழ வேண்டிய இடத்தில் ஓர் அரிப்பு. மனைவி லுபாபா விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

"ஏங்க, நேராப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்களேன்."

"கேட்டேனே. யோசிச்சுச் சொல்றேன்னான்."

"எங்கப்பாவுக்காகத்தானே அடிச்சீங்க?"

"அதை மட்டும் வெளிய சொல்லிடாத."

அடிப்பதற்கு முன் மிஹ்ரானை 'அடேய்' என்று கூப்பிட்ட ஜுன்துப், விசாரணைக்குப் பிறகு 'மிஹ்ரான்' என்றான். மழைக்காலம் முடியும்போது 'அண்ணே' ஆகிவிட்டது. கூடையை அவனே சுமந்துபோய் நிழலான மூலையில் வைத்தான். பெரிய மனிதர் போலச் சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு மிஹ்ரான் முன்னால் நடப்பான். "காவக்காரனைக் கழுதையாக்கிட்டான்யா" என்று சந்தை சிரித்தது. மிஹ்ரானுக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது, தொழுகையில்கூடத் தனியாகக் கடைசி வரிசையில் போய் நிற்கிறான் என்றும் பேசிக்கொண்டார்கள்.

"அண்ணே, ஒரே அடி. இப்பவே போட்டுட்டு விட்டுடேன். நானும் மனுஷன்தானே."

"என்ன அவசரம் தம்பி? அது எங்கயும் ஓடிடாது. முதுகும் உங்கிட்டதானே இருக்கு."

பேரீச்சை பூக்கும் காலம் வந்தது. ஆண் பாளையை வெட்டி எடுத்துப் பெண் பாளைக்குள் வைத்துக் கட்டினால்தான் காய்க்கும். அந்த வேலையில் மிஹ்ரானுக்கு நிகர் கிடையாது. அவன் கீழே வந்து நின்றால் மரம் தானே கொஞ்சம் குனிந்து கொடுக்கும் என்று தோப்புக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அந்த வருஷம் அவர்கள் வந்து கூப்பிட்டபோது மிஹ்ரான் நகரவில்லை. தாடையால் ஜுன்துபைக் காட்டினான்.

"இனிமே எனக்கு ஆள் இருக்கு. இவரு ஏறுவாரு."

ஜுன்துப் அதுவரை ஏறிய உயரம் ஒட்டகத்தின் முதுகு. இருந்தாலும் மறுநாள் காலை, ஆற்றுக் கால்வாயோரத் தோப்பில், இடுப்பைச் சுற்றி நார்க்கயிறு கட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றான்.

"அது உன் பொண்டாட்டி இல்லய்யா, மரம்! கட்டிக்காத! கயித்துல சாஞ்சு காலை வை!" மிஹ்ரான் கீழே நின்று கத்தினான். "காலு! காலுன்னா அதுதான், கீழ தொங்குதே, அது!"

பக்கத்து மரங்களில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஜுன்துப் வழுக்கினான், ஏறினான், மறுபடி வழுக்கினான். இரண்டு அடி ஏறினால் மூன்று அடி இறங்கினான்; அப்படியும் எப்படியோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது அந்தத் தோப்பில் இன்றுவரை யாருக்கும் விளங்காத விஷயம். முள் குத்திக் கையெல்லாம் ரத்தம். பாளையைப் பிரித்தான். மேலே காற்று மட்டும்தான் இருந்தது. கீழே பார்த்தால் மிஹ்ரான் ஒரு பேரீச்சங்கொட்டை அளவு. உண்மையை அங்கே சொல்லிவிடலாம் என்று ஜுன்துபுக்குத் தோன்றியது. அங்கிருந்து சொன்னால் பாதி காற்றில் போய்விடும், மீதியைச் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

"அண்ணே... நீதான் மொதல்ல வந்த..."

"என்னது?"

"அன்னைக்கு... நீதான்..."

"கேக்கல! காத்து அடிக்குது! தொண்டையத் தொறந்து கத்து!"

ஜுன்துப் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். "நீதான் மொதல்ல வந்தேன்னு எனக்குத் தெரியும்ணே! நான் பாத்தேன்! தெரிஞ்சேதான் அடிச்சேன்!"

மற்ற மரங்களில் சிரிப்பு நின்றுபோனது. எவனோ ஒருவன் கையிலிருந்து அரிவாள் நழுவிக் கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஊர் முழுவதும் இது போய்ச் சேர மதியம்கூட ஆகாது என்று ஜுன்துபுக்குத் தெரிந்தது. மாமனார் காதுக்கு அதற்கும் முன்னாலேயே.

மிஹ்ரான் கத்தாமல்தான் சொன்னான். காற்றும் வழிவிட்டது போலிருந்தது.

"அது எனக்குத் தெரியாதா? அன்னைக்கு விடியக்காலைல எனக்கு சலாம் சொல்லிட்டுத்தானே அந்தப் பக்கம் போன."

ஜுன்துப் மட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். ஆமாம், சொல்லியிருந்தான். அது எப்படி மறந்தது?

"சரி சரி, பாளையைக் கட்டு. முடிச்சை ரொம்ப இறுக்கிடாத, எங்க, நான் பாக்கறேன்..."

காலை வெயில் நேராக மிஹ்ரானின் முகத்தில் அடித்தது. முடிச்சைப் பார்க்க அண்ணாந்தவன் கண் கூசி, யோசிக்காமல் வலது கையைச் சால்வைக்குள்ளிருந்து எடுத்து நெற்றிக்கு மேல் மறைப்பு வைக்கப் போனான். கை வயிறு தாண்டியது. நெஞ்சுவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது, மேலே போகாமல். அவன் தோளைச் சாய்த்து இன்னொரு தடவை முயன்றான். சாட்டையை ஓங்க முடியாத கை, மரத்தைப் பிடிக்க முடியாத கை, தொழுகையில் காதுவரை உயர்த்த முடியாத கை, நெஞ்சுக்கு நேரே நின்றது.

ஜுன்துப் உச்சியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கயிறு முனகியது. தன் நிழலையாவது அந்த முகத்தின் மேல் விழவைக்கப் பார்த்தான். இன்னும் சாய்ந்தான். நிழல் எங்கோ தள்ளி, கால்வாய்த் தண்ணீரில் கிடந்து ஆடியது. கீழே மிஹ்ரான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெயிலை வாங்கியபடி, இன்னும் முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.