மூன்றாவது டிஸ்கெட்டு

பவானேஸ்வரி இரண்டாவது டிஸ்கெட்டை எடுத்துவிட்டு மூன்றாவதைச் செருகினாள். அலோர் காஜாவின் அந்த லோரி ஆபிஸில் கம்ப்யூட்டரின் ஹார்ட்டிஸ்க் செத்துப்போய், காலையில்தான் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றிய நடைக் கணக்கு முழுவதும் அவள் சுருக்கிக் கட்டிவைத்த ஐந்து டிஸ்கெட்டில்தான் இருந்தது. அது பிரிந்து வந்தால்தான் அவள் வேலை நிரந்தரமாகும் என்று முதலாளி திருச்செல்வம் சொல்லியிருந்தார்.

arj x -v a:nadai என்று தட்டியதும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் டிரைவ் கரகரவென்று தேய்த்தது. திரையில் எரர் என்று வந்து நின்றது.

"என்னாச்சு பவானி?"

"மூணாவது படிக்க மாட்டேங்குது பாஸ்."

"நீதானே பேக்கப் எடுத்த?"

"அன்னிக்கே பிரிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

வெளியே எடுத்துப் பார்த்தாள். உள்தட்டு தெரியும் நீள்துளையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆயுத பூசையன்று முதலாளியின் மனைவி திலகா வைத்தது. "லோரிக்கு வச்சாச்சு, இதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தபடி ஐந்துக்கும் பொட்டு வைத்தாள். ஒன்று மட்டும் உறையிலிருந்து நழுவிக் கிடந்தது.

"அங்க வேணாம் மேடம்" என்று பவானேஸ்வரி சொன்னதற்கு, "சாமி காரியத்துல வேணாம்னு சொல்லாத லா" என்றாள். வேறொரு டிஸ்கெட்டில் மறுபடி பேக்கப் எடுத்துவிடுகிறேன் என்று அவள் கேட்டபோது, பூசையில் வைத்ததை மாற்றக் கூடாது, சாமி மேடையிலேயே இருக்கட்டும் என்றவர் முதலாளி.

திலகா இப்போது எதிரே கோப்பையில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். "தொடச்சா போவாதா?"

பவானேஸ்வரி பஞ்சால் துடைத்து மறுபடி செருகினாள். அதே இடத்தில் நின்றது.

"பொட்டு படக் கூடாதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும் இல்ல?" என்றார் முதலாளி.

திலகா கோப்பைக்குள் பார்த்தபடி கரண்டியைச் சுற்றினாள். பவானேஸ்வரி தலையாட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"டிரைவருங்க நடைக்கு நடை எழுதிக் குடுத்த சிட்டு எல்லாம் ஸ்டோர்ல இருக்கு. முழுசா கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்துட்டு மாசக் கடைசியோட நின்னுக்க. நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

"சரி பாஸ்."

சிட்டுப் பெட்டியை இழுத்து வந்து நாற்காலியருகே வைத்தாள். கணவனும் மனைவியும் சாப்பிடக் கிளம்பினார்கள். வாசலில் திலகா நின்றாள்.

"ஏங்க, நாமதான் போறோமே, குளிரு எதுக்கு?"

முதலாளி திரும்பி வந்து ஏர்கோனை அடைத்துவிட்டுப் போனார். பவானேஸ்வரி ஜனவரியின் முதல் சிட்டை எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள்.