நாங்க டீ குடிக்கலாமா?

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் முளைத்ததல்ல. புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு டீக்கடை வாசலில், ஜோஷுவா என்கிற இளைஞன் என்னிடம் சொன்ன தப்பான ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

"சார், நாங்க டீ குடிக்கலாமா?"

அவன் பக்கத்தில் யாருமில்லை. நானும் அவனும் மட்டும்தான். எதற்கு என்னிடம் அனுமதி கேட்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

"தாராளமா குடிங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். பிம்ப்ரி பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பாவம், அவன் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கிறான். 'நாம' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாங்க' என்று சொல்லியிருக்கிறான். ஒரு சொல் பிசகில் ஒரு மனிதரை டீக்கு வெளியே தள்ளிவிடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

[இது 1999. எழுத உட்கார்ந்திருப்பது 2002-ல். ஏன் இத்தனை தாமதம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.]

2

கதையைத் தொடங்கிப் பார்த்த விதங்கள்:

'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாலையில், கோதை தன் குடையை மடக்கி —'

நிறுத்திவிட்டேன். ஜூலையில் புனேயில் மழை கொட்டாமல் வேறு என்ன செய்யும்?

'கோதை அழகாக இருந்தாள்.'

அடித்தாயிற்று. உண்மைதான்; ஆனால் கதைக்கு வேண்டாத வாக்கியம்.

'மனித மனங்களுக்கிடையே மொழி ஒரு —'

ஐயோ, வேண்டாம். இந்த வாக்கியத்தை முடித்திருந்தால் என் மனைவியே மேற்கொண்டு படிக்க மாட்டாள்.

நேராகவே சொல்கிறேன். பகலில் நான் வங்கி ஊழியன். வாரம் இரண்டு மாலை, கேம்ப்பில் ஒரு பேக்கரிக்கு மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் பயிற்சித்தாள் எழுதிக் கொடுப்பேன். இங்கிலீஷ் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர்களுக்கான வகுப்பு அது. வருகிறவர்களில் பெரும்பாலோர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள். சரளமாகப் பேசுவார்கள், எழுதும்போது 'நேற்றுதான் வந்தேன்' என்பதை 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்று எழுதிவிட்டு, இதில் என்ன தப்பு என்று நம்மையே கேட்பார்கள். நல்ல இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதி, அதில் வரிக்கு ஒரு பிழையை ஒளித்துவைப்பது என் வேலை. வங்கியில் பிழை செய்தால் வேலை போகும். இங்கே பிழை செய்தால்தான் பிழைப்பு.

அந்தத் தாளில் ஒரு விதி உண்டு. சில வரிகளில் பிழையே இருக்காது. அவற்றுக்கு ஓரத்தில் டிக் போட வேண்டும். ஏதாவது சொல் விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் கூரை மாதிரி ஒரு குறி போட்டு, மேலே அந்தச் சொல்லை எழுத வேண்டும். வகுப்பில் அதற்குக் 'கூரை' என்றே பெயர் வைத்திருந்தோம். எல்லாரும் அதிகமாகத் தடுக்கி விழுந்தது பிழையுள்ள வரிகளில் அல்ல, சரியான வரிகளில்தான். பிழை தேடப் பழகிய கண் சும்மா இருக்காது. நல்ல வரியையும் கீறிப் பார்க்கும்.

3

கோதை என்ற பாத்திரத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. என் கைக்கு அடங்குகிறவள் இல்லை. கோயம்புத்தூர்ப் பெண், ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. ஔந்து பகுதியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். என் தாளில் நானே அறியாமல் விட்ட பிழையையும் கண்டுபிடித்து, "இது நீங்க வெச்சதுங்களா, தானா வந்ததுங்களா?" என்று கேட்பாள்.

ஜோஷுவா புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவன். அவன் தாத்தா ராணுவக் கணக்கு அலுவலகத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்தவராம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஹிந்தி, தெருக் கிரிக்கெட்டில் மராத்தி. தமிழ் படிக்கத் தெரியாது. பேசும்போது தேடித் தேடித்தான் சொல் வரும்.

இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்வார்கள். வகுப்பு முடிந்ததும் அவன் ஸ்கூட்டரில் அவளை ஔந்தில் இறக்கிவிடுவான். கட்கிக்குப் போகிறவனுக்கு ஔந்து அப்படியொன்றும் வழியில் இல்லை. வகுப்பில் எல்லாருக்கும் புரிந்தது. அவர்கள் இருவரும் மட்டும் ஒருவருக்கொருவர் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் படிக்கட்டில் கோதை என்னை நிறுத்தினாள்.

"சார், ஊர்ல ஒரு வரன் பாத்திருக்காங்க. ஞாயித்துக்கெழம அப்பா போன் பண்ணுவாருங்க. சரின்னு சொல்லோணும், இல்லாட்டி வேண்டாம்னு சொல்லோணும்."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"வேண்டாம்னா ஏன்னு கேப்பாருங்க. 'ஏன்'னு எங்கிட்ட யாராச்சும் சொன்னாத்தானே நான் அவர்கிட்டச் சொல்ல முடியும்?"

[இதை எழுதலாமா என்று யோசித்தேன். அவள் என்னை நம்பிச் சொன்னது. ஆனால் இது இல்லாமல் கதை நிற்காது. மன்னித்துவிடு கோதை.]

4

அந்த வாரம் வகுப்பு எடுத்தவர் வைஷாலி. சதாசிவ பேட் பகுதி மராத்திக்காரி. பயிற்சித்தாளுக்கு எனக்குக் காசு கொடுப்பவரும் அவரே. 'அடுத்த சில ஆண்டுகளில் நான்' என்று ஆளுக்கு ஒரு பத்தி எழுதி, பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அடுத்த தாளுக்குப் பிழை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜோஷுவாவின் தாள் கோதை கைக்குப் போனது. சிவப்புப் பேனா மடமடவென்று ஓடியது. ஒரு வரியில் வந்து நின்றுவிட்டது. அவன் எழுதியிருந்தது இது: 'ஆஃப்டர் டூ இயர்ஸ் இன் அமெரிக்கா, வீ வில் லுக் ஃபார் எ ஃப்ளாட் இன் ஔந்த்.'

அமெரிக்காவில் இரண்டு வருடம், பிறகு ஔந்தில் வீடு பார்ப்பது. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. டிக் போட வேண்டிய வரி.

அவள் போடவில்லை. மெதுவாகத் தமிழில் கேட்டாள்.

"இந்த 'வீ' நாமளா, நாங்களா?"

அவன் விழித்தான். அது கேள்வி என்பதே அவனுக்குப் புரியவில்லை.

"மத்லப்... அதாவது, நாங்கதான். நாங்க வீடு பாக்கணும்."

கோதையின் முகம் அப்படியே வாடிப்போனது. பேனா டிக் போட ஓரத்துக்குப் போனது. 'நாங்க' என்றால் அவனும் அவன் அப்பா அம்மாவும். அவள் அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கான பதில் கிடைத்துவிட்டது.

வாசகரே, அப்போது எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. இவன் வாயில் 'நாங்க' என்று வந்தால் அது 'நாங்க'தானா? எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வைஷாலி வந்துவிட்டார்.

5

"இந்த வரியில் என்ன தப்பு?" என்று வைஷாலி இங்கிலீஷில் கேட்டார்.

"தப்பு ஒன்றுமில்லை. எந்த 'வீ' என்று தெரியவில்லை" என்றாள் கோதை. எங்கள் மொழியில் அதற்கு இரண்டு சொல் இருக்கிறது, ஒன்று கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும், மற்றது சேர்க்காது என்றும் விளக்கினாள்.

வைஷாலி கண்களை அகல விரித்தார். "அரே! எங்களுக்கும் இருக்கே! சேர்க்காவிட்டால் ஆம்ஹீ, சேர்த்தால் ஆபண்!"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை. எத்தனையோ வருடமாக இந்த ஊரில் காய்கறி வாங்கி, பஸ்ஸில் சண்டை போட்டு, மராத்தி பேசிவந்திருக்கிறேன். ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. உலகமே பேசும் இங்கிலீஷுக்கு இந்த வாசல் இல்லை. ஹிந்திக்கும் இல்லை. எங்கோ இருக்கும் தமிழும் இங்கே இருக்கும் மராத்தியும், சொல்லிவைத்தாற்போல, 'நீயும் உண்டா இதில்?' என்று கேட்டுவிட்டுத்தான் பன்மைக்குள் போகின்றன. எத்தனை தலைமுறை மனிதர்கள், யாரை உள்ளே விடுவது என்று யோசித்து யோசித்து இந்த இரண்டு சொற்களை வைத்திருப்பார்கள்! பேக்கரியிலிருந்து ரொட்டி வேகும் வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. வகுப்பு முழுக்கப் பேனாவைக் கீழே வைத்திருந்தது.

வைஷாலி ஜோஷுவாவிடம் திரும்பி, இந்த 'வீ' எது என்று மராத்தியில் கேட்டார்.

"ஜோஷுவா, ஹே 'வீ' ம்ஹண்ஜே காய்? ஆம்ஹீ, கீ ஆபண்?"

தமிழில் தடுக்கி விழுகிற அந்த வாய், தெருக் கிரிக்கெட்டில் படித்த மராத்தியில் ஒருநாளும் தடுக்கியதில்லை. அவனுக்கு இப்போது கேள்வி புரிந்தது. புரிந்தது அவன் காதுமடல் சிவந்ததிலேயே தெரிந்தது. வைஷாலிக்குப் பதில் சொல்லாமல், கோதை பக்கம் திரும்பினான்.

"ஆபண்" என்றான்.

[திரும்பாமல் சொல்லியிருந்தால், இலக்கணப்படி வைஷாலியும் அந்த ஃப்ளாட்டில் குடியேற வேண்டியிருக்கும்.]

கோதை தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டிக் போடவில்லை. அந்த வரிக்கு முன்னால் சிவப்பில் ஒரு கூரை மட்டும் போட்டு, மேலே எதுவும் எழுதாமல் அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன வேர்ட் மிஸ்ஸிங்?" என்று கேட்டான் ஜோஷுவா.

"அத நீங்கதான் கண்டுபுடிக்கோணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள."

6

இங்கேதான் இந்தக் கதை மூன்று வருடம் நின்றுபோயிற்று. அடுத்த வாரம் வங்கியில் என்னை நாசிக் நகரத்துக்குக் குறுகிய காலப் பணிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஜோஷுவா அமெரிக்கா போயிருந்தான். கோதையும் வகுப்புக்கு வரவில்லை. வைஷாலிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நான் சும்மா இருப்பேனா? முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. ஞாயிறு காலை ஜோஷுவா விடுதி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, விடுபட்ட சொல்லைச் சொன்னான். [நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த மொழியில் சொன்னான்? அதற்குமேல் பேனா ஓடவில்லை.]

ஆ. ஞாயிறு முழுக்க அவன் வரவில்லை. அப்பா போன் செய்தார். கோதை 'சரிங்க' என்றாள். [இதுவும் நடக்கக்கூடியதே. சொல் தேடுகிறவர்களுக்குச் சொல் கிடைக்கும் நேரத்தில் பஸ் போய்விடும். எழுதிவிட்டு அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.]

இ. 'கோதை இரண்டு பேரிடமும் —'

வேண்டாம். அவள் என் கைக்கு அடங்குகிறவள் இல்லை என்றுதான் சொன்னேனே.

7

நேற்று வங்கிக்கு ஒரு போன் வந்தது.

"சார், ஜோஷுவா பேசறேன். ஞாபகம் இருக்கா? வந்துட்டோம் சார். ரெண்டு வருஷம்னு எழுதினேன், மூணாச்சு. ஔந்த்ல ஃப்ளாட்."

வந்துட்டோம். யார் யார்? அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் 'வந்துட்டோம்'தான். நியூ ஜெர்சியில் எவளையாவது கட்டிக்கொண்டு வந்தாலும் 'வந்துட்டோம்'தான். 'நாம'வுக்கும் 'நாங்க'வுக்கும் தனித்தனிச் சொல் வைத்த என் அருமைத் தமிழ், வினைச்சொல்லில் மட்டும் இரண்டையும் ஒரே 'ஓம்'மில் மூடி வைத்திருக்கிறதே! இத்தனை நாள் இங்கிலீஷைக் குறை சொன்னதற்கு எனக்கு வேண்டியதுதான். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். பயமாக இருந்தது.

அதற்குள் அவன் சொன்னான்.

"நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வாங்க சார். நாம டீ குடிக்கலாம்."

நாம.

தடுக்கவில்லை, தேடவில்லை. சரளமாக வந்தது அந்தச் சொல். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கவுன்ட்டரில் ஒருவர் டிமாண்ட் டிராஃப்ட் கேட்டு மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

யாரோ அவனைத் திருத்தியிருக்கிறார்கள். கட்கியில் அத்தனை வருடம் வீட்டார் திருத்தாததை, யாரோ பக்கத்தில் இருந்து, பொறுமையாக, திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. முகவரியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இன்று காலையில் எழுத உட்கார்ந்தேன். மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கதவு திறந்துவிடும். பிறகு என்னால் கதை எழுத முடியாது, செய்திதான் சொல்ல முடியும். ஆகவே அழைப்புமணியில் கை வைப்பதற்கு முன்னால் நிறுத்துகிறேன். கதவைத் திறப்பவரை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இதோ கூரை போட்டிருக்கிறேன். மேலே இடம் விட்டிருக்கிறேன்.

^

செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டேன். வாருங்கள், நாம் டீ குடிக்கப் போகலாம்.