தூணுக்குப் பின்னால் கவிழ்த்த வாளி

ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற நாட்களிலும் அந்த அறையில் ஒரு மூலை மட்டும் காலியாகவே இருந்தது.

அணுமின் நிலையத்தின் அடித்தளத்தில் இருந்த அறை அது. உலையை நிறுத்திப் பழுது பார்க்கிற காலத்தில் மட்டும்தான் அதற்குள் ஆட்கள் போவார்கள். தரையில் ஒரு குழி, குழிக்குள் வால்வுகள். ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் இறங்க முடியும். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை மேலே காத்திருப்பார்கள். வேலை செய்தாலும் சும்மா நின்றாலும் கதிர்வீச்சுக்கு எல்லாம் ஒன்றுதான். உழைப்பாளி, சோம்பேறி என்று அது ஆள் பிரித்துப் பார்ப்பதில்லை.

அவளுடைய வேலை அந்தக் கதிர்வீச்சை அளப்பது. கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பாள். ஆட்கள் அவளை அளவுக்காரி என்றார்கள். சாயங்காலம் ஒவ்வொருவரும் சட்டைப்பையிலிருந்து, உடம்பில் ஏறிய கதிர்வீச்சைக் காட்டும் அளவுமானியை எடுத்து அவளிடம் நீட்டுவார்கள். இந்த முறை அதில் ஒரு விசித்திரம் இருந்தது. குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களைவிட மேலே வெகுநேரம் நின்றவர்களுக்குத்தான் அதிகம் ஏறியிருந்தது. எல்லோரையும்விட அதிகம் அவளுடைய தம்பிக்கு. இப்படியே போனால் வேலை முடிவதற்குள் ஒருவருக்கு ஓராண்டில் ஏறலாம் என்று வைத்திருக்கும் வரம்பை அவன் தொட்டுவிடுவான். தொட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. உடம்புக்குள் சத்தமில்லாமல் நடந்துவிட்டதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

காரணம் தேடி ஒருநாள் ஆட்கள் வருவதற்கு முன்பே அறைக்குள் போனாள். விளக்குக்குக் கீழே ஒரு பெரிய குழாய் வளைந்து திரும்பியது. வளைவுக்குள் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கு. கருவியின் முள் அங்கே எகிறியது. எல்லோரும் சாய்ந்து நிற்பது அந்த வளைவில்தான். அங்கே வெளிச்சம் இருந்தது, மேலே காற்றுத் துளையும் இருந்தது. மறுகோடியில் இருந்த தடித்த கான்கிரீட் தூணுக்குப் பின்னால் போனபோது முள் அப்படியே படுத்துக்கொண்டது.

அங்கே ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்திருந்தது. அது அவளுடைய அப்பாவின் வாளி.

அப்பா குழாய் பொருத்துகிறவர். போன தடவை உலையை நிறுத்தியிருந்தபோது, தன் முறைக்காக அந்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். முறை வந்து கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது, கதிர்வீச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருக்கும் என்பதால் அந்த அறைக்குள் போன பொருள் லேசில் வெளியே வராது. வாளி அங்கேயே தங்கிவிட்டது. அவரும் தங்கிவிட்டார் என்றார்கள் ஆட்கள். மஞ்சள் உடுப்பும் தொப்பியும் முகமூடியும் போட்டுவிட்டால் யார் யாரென்று தெரியாது. தலைகளை எண்ணினால் சில நாள் ஒன்று கூடுதலாக வரும். மறுபடி எண்ணினால் சரியாகிவிடும். அதற்கு மேல் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவள் ஒரு பச்சைப் பலகை செய்து தூணில் மாட்டினாள். ‘கதிர்வீச்சு குறைவான இடம். இங்கே காத்திருக்கவும்.’

மறுநாள் பலகை மாட்டிய இடத்தில் இருந்தது. ஆட்களும் பழைய இடத்தில் இருந்தார்கள்.

“என்ன மேஸ்திரி, போர்டைப் பாக்கலியா?”

“பாத்தோம் பாப்பா. எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

கூட்டத்தில் ஒரு வெல்டர் இருந்தான். வாயை மூடவே மாட்டான் என்பதால் அவனுக்கு ஊமை என்று பெயர். “அது அண்ணனுக்கு வெச்ச போர்டுன்னு நெனச்சோம்,” என்றான், வாளியின் பக்கம் கையைக் காட்டி. “ஆனா அவருக்கு எதுக்கு போர்டு? அவருதான் சொல்லாமலே காத்துக்கிட்டு இருக்காரே.”

இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு தூணின் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

“செத்தவரு உங்களை ஒண்ணும் செய்ய மாட்டாரு. சாஞ்சிருக்கீங்களே, அந்தக் குழாய்தான் செய்யும்,” என்றாள் அவள்.

“பயந்துக்கிட்டு இல்ல பாப்பா,” என்றார் மேஸ்திரி. “ஒருத்தரு உக்காந்திருக்கிற எடத்துல நாம போய் எப்படி உக்கார்றது? நல்லாவா இருக்கும்?”

தம்பி தூணின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தூணின் விளிம்பும், அதைத் தாண்டி வாளியில் பாதியும் தெரிந்தன. அவன் ஏன் எப்போதும் வளைவை ஒட்டி அங்கேயே நிற்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“அப்பா எப்படி இருக்காரு?”

“இருக்காரும்மா.”

“ஒடம்பு?”

“அப்படியேதான்.”

அம்மாவுக்குப் புத்தி ஒன்றும் பிசகிவிடவில்லை. அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக ஆட்களுக்குக் கொடுத்துத் தீர்த்தவளே அவள்தான். ஆனாலும் இந்த முறை அந்த அறையைத் திறந்த நாளிலிருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவனிடம் விசாரிப்பதுபோல மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளிடம் கேட்டதில்லை. அளக்கிற பெண்ணிடம் அளவில் வராத ஒருவரைப் பற்றி என்ன கேட்பது என்று விட்டிருக்கலாம்.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த தம்பியிடம் அவள் மெல்லச் சொன்னாள். “நாளையிலேருந்து தூணுக்குப் பின்னாடி நில்லுடா.”

“அப்பாவை எங்க போகச் சொல்ற?”

“உனக்கு ஏறிக்கிட்டே போகுதுடா. வெளையாட்டு இல்ல.”

“நான் அந்த எடத்தைப் புடிச்சுக்கிட்டா, அம்மா கேக்கும்போது என்ன சொல்றது? எந்திரிச்சுப் போயிட்டாருன்னு சொல்லவா?” கையை உதறிவிட்டு உள்ளே போனான். “நீ சொல்லு, பாப்போம்.”

மறுநாள் ஆட்கள் வளைவில் சாய்ந்திருந்தபோது, அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் தூணுக்குப் பின்னால் போனாள். வாளியின் மேல் லேசாகத் தூசி. நடுவில் மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு வட்டமாகத் தூசியே இல்லை. காற்று அப்படிச் சுற்றுகிறதோ என்னவோ. அவள் கருவியை அணைத்தாள். அதன் டிக் டிக் சத்தம் நின்றதும் அறை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது.

“அப்பா,” என்றாள். “கொஞ்சம் எந்திரிங்க. தம்பி நிக்கணும்.”

ஊமைகூட வாயைத் திறக்கவில்லை. அவள், ஒருவர் எழுந்து நகர்வதற்கு ஆகிற நேரம் காத்திருந்தாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க எப்போதும் கொஞ்சம் நேரமாகும். பிறகு வாளியில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.

முதலில் தம்பி வந்தான். மேஸ்திரி அவன் பின்னால் வந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் தூணின் நிழலுக்குள் வந்து நெருக்கிக்கொண்டார்கள். விளக்குக்குக் கீழே இருந்த இடம் முதன்முறையாகக் காலியானது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அக்கா,” என்றான் தம்பி, காதோடு. “எந்திரிச்சு அங்கதான் போயிருக்காரு.”

அன்று சாயங்காலம் அளவுமானிகளில் எண்கள் பாதிக்கும் கீழே இருந்தன. தம்பியுடையதும்தான். அவள் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை.

“அப்பா எப்படி இருக்காரு?” என்றாள் அம்மா.

தம்பி அக்காவைப் பார்த்தான். “எடம் மாறிட்டாரும்மா. இப்ப வெளிச்சத்துல நிக்கிறாரு.”

“அந்த எடம் நல்லாருக்கா?”

அந்த இடத்தின் அளவு அளவுக்காரிக்குத் தெரியும். கையிலிருந்த சோற்றை அவளால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

மறுநாள் பொறியாளரிடம் போய், வளைவை மூடிக் கதிர்வீச்சைத் தடுக்க ஈயப் போர்வைகள் கேட்டாள்.

“ஆளுங்களைத்தான் நகத்திட்டீங்களே. அப்புறம் எதுக்கு?” என்றார். “போர்வை மாட்டுறவங்களுக்கும் ஏறும். காலியா இருக்கிற எடத்துக்காக யாருக்கு ஏத்தணும்?”

“குழிக்குப் போக அதுதான் சார் வழி. தினமும் உரசிக்கிட்டுத்தான் எறங்குறாங்க.” அது உண்மைதான். பிறகு, “காலியாவும் இல்ல சார்,” என்றாள்.

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். இரண்டாவது காரணத்தை அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டார்.

போர்வை மாட்டும் வேலைக்குத் தம்பி வருகிறேன் என்றான். உனக்கு ஏற்கனவே ஏறினது போதும் என்று அவள் அவனைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினாள். அளவு குறைவாக இருந்த ஊமையும் மேஸ்திரியும் போனார்கள். என்ன செய்வது, யார் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் வெளியே ஒரு பழைய குழாயில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். வளைவின் மேல் கனத்த சாம்பல் நிறப் போர்வை விழுந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது.

“தோள் தெரியுதுண்ணே. கழுத்து வரைக்கும் இழுத்து விடுங்க.”

ஊமை திரும்பிப் பார்க்கவில்லை, கேலி செய்யவில்லை. கழுத்துவரை இழுத்து, ஓரங்களைச் செருகிவிட்டு வந்தான்.

அவள் கருவியை நீட்டினாள். முள் மெல்ல இறங்கி வந்து நின்றது.

அன்று அம்மா கேட்டபோது தம்பி வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“இன்னைக்கு அவருக்குக் கொறைஞ்சிருக்கும்மா. நானே பாத்தேன்.”

அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். எது குறைந்தது என்று கேட்கவில்லை.