இரண்டு புள்ளிகள்

கருமுட்டைகளை எடுத்து வெளியே விந்தோடு சேர்த்த மறுநாள் காலை, மெட்ராஸ் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் பூங்காவனமும் அவள் கணவன் தருமனும் காத்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"ஒண்ணுல மட்டும் ரெண்டு புள்ளி தெரியுது. ஒண்ணு உங்களோடது, ஒண்ணு அவரோடது. கரு கூடியிருக்கு."

"மத்ததுங்க?"

"ஒண்ணுல மூணு புள்ளி. அது தப்பான கூட்டு, வைக்க முடியாது. மீதி எதுவும் கூடல."

மூன்று புள்ளி விழுந்ததை என்ன செய்வார்கள் என்று கேட்கப் பூங்காவனத்துக்குப் பயமாக இருந்தது.

அந்த ஒற்றைக் கருவைக் கருப்பையில் வைத்து அனுப்பினார்கள். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கரு தங்கியிருப்பது தெரிந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கருப்பையிலயா, கொழாயிலயா, எங்க நின்னிருக்குன்னு ஸ்கேன் பண்ணாதான் தெரியும். லேசா ரத்தம் பட்டாலும், வலி வந்தாலும் ஒடனே வந்துடணும்."

ஆரணிக்குத் திரும்பியதும் மாமியார் சின்னம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பட்டுத்தறியில் உட்காரவே மருமகளை விடவில்லை. இத்தனை வருஷம் பூங்காவனத்தை எந்த வளைகாப்புக்கும் யாரும் அழைத்ததில்லை. இப்போது எதிர்வீட்டுக் கற்பகமே வந்து, "நீதான் எனக்கு மொதல் வளையல் போடணும்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வளைகாப்பன்று காலையில்தான் பூங்காவனம் தன் துணியில் ரத்தக் கறையைப் பார்த்தாள். காசளவுகூட இல்லை. கல்லில் கசக்கி, கொடியில் மற்றத் துணிகளுக்குள் மறைத்துக் காயப்போட்டுவிட்டு, பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போனாள். வளையல் போட்ட பிறகும் கற்பகத்தின் கையை விடாமல் பிடித்திருந்தாள். சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த நாள் வலது தோள் வலித்தது.

"தறியில ஒக்காந்தியா?" என்றான் தருமன்.

"தறி பக்கமே போகலீங்க."

அவன் தைலம் தேய்த்தான். வலி போகவில்லை. மத்தியானம் சமையற்கட்டில் சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். பக்கத்துத் தெரு நர்ஸ் சகாயமேரி ஓடிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பலகையாக இறுகியிருந்தது. சகாயமேரியின் முகம் மாறியது.

"கொழாயில நின்ன கரு வெடிச்சு உள்ளுக்குள்ள ரத்தம் போய்கினு இருக்கும்போல, தோள் வலியும் அதனாலதான். வேலூருக்குத் தூக்கிகினு போங்க, ஜல்தி."

பஸ்ஸில் நீள இருக்கையைக் காலிசெய்து கொடுத்தார்கள். தருமனின் மடியில் தலை வைத்திருந்தவள் உதடு அசைந்தது.

"நேத்தே பட்டுச்சுங்க. நான்தான் சொல்லல."

அவன் அவள் விரல்களைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவை சூடாகவில்லை.

கண்ணமங்கலம் வந்தது. மூட்டைகளோடு காத்திருந்தவர்கள் கையை நீட்டினார்கள். டிரைவர் நிறுத்தாமல், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். நீட்டிய கைகள் அப்படியே நிற்க, பின்னால் எழுந்த புழுதி ஒவ்வொருவராக அவர்களை மூடியது.