அபூசாலியின் டெலிபோன்கள்

எங்கள் வீட்டில் ஒரு அறை நிறைய டெலிபோன்கள். ஒன்றும் வேலை செய்யாது. விரலை விட்டுச் சுற்றுகிற அந்தக் காலத்து டெலிபோன்கள்; கறுப்பு, பச்சை, பால் வெள்ளை என்று சுவர்த்தட்டுகளில் குந்திக்கொண்டிருக்கும். என் கணவர் அபூசாலி சேர்த்தவை. கல்முனையில் மற்ற ஆண்கள் வயல் சேர்க்கிறார்கள், கடை சேர்க்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் இப்படி.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. ஆலையடிவேம்பிலிருந்து தனஞ்சயன் வந்துவிடுவார். அவருக்கும் இதே பைத்தியம்; எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல் என் கணவரை 'நானா' என்பார். இருவரும் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கொரு டெலிபோனை மடியில் வைத்து, ஒரே இலக்கத்தைச் சுற்றி விடுவார்கள். டயல் திரும்பி வரும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

"நானா, உங்கட கறுப்பன் களைச்சுப் போய் வாறான்," என்பார் தனஞ்சயன்.

"அவன் நாவிதன்வெளி அரிசி ஆலையில கிடந்தவன். உமித்தூசி குடிச்ச தொண்டை. இந்தப் பச்சையக் கேளுங்க, என்ன மாதிரி வழுக்கிக்கொண்டு வருது!"

பக்கத்து அறைக் கட்டிலில் சாய்ந்திருக்கும் எனக்கு அந்தக் 'கிர்ர்ர்' ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஜன்னல் சீலை கடற்காற்றில் ஊதி அடங்கும். கண் சொக்கும்போது யார் யாரோ எங்கிருந்தோ என்னை அழைத்துக்கொண்டே இருப்பதுபோல் தோன்றும். மௌத்தாகி மண்ணுக்குப் போன என் உம்மா, மருதமுனையில் என்னோடு படித்த பிள்ளைகள், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகள். எந்தக் குரலும் கேட்காது. ஆனாலும் எல்லோரோடும் கதைத்து முடித்த நிறைவோடு எழும்புவேன். எழும்பியதும் இரண்டு பேரையும் ஏசுவேன், அது வேறு.

இந்த வருஷம் மகள் ஸம்றாவுக்குக் கலியாணம் பேசி முடித்தோம். மாப்பிள்ளை ஹாதிக், சாய்ந்தமருதுப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார்; பெற்றவர்கள் வெளிக்கிட வேண்டியதுதான். இந்த வீடும் என் உம்மா எனக்குத் தந்தது, இனி ஸம்றாவுக்கு. எங்களுக்குப் பின்வளவில் இரண்டு அறை கட்டியிருக்கிறோம். ஒன்றில் படுக்கலாம், மற்றதில் சமைக்கலாம். டெலிபோன்களுக்கு இடமில்லை.

"இதெல்லாத்தையும் தனஞ்சயன்ட தலையில கட்டுங்க," என்றேன். "அந்த அறைதான் இனிப் பொண்ணு மாப்பிள்ளைக்கு. காலியாகணும்."

"ஓம்," என்றார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு தனஞ்சயன் சின்ன லொறி ஒன்றோடு வந்தார். என் கணவர் ஒவ்வொன்றையும் துடைத்து, ஒருமுறை காதில் வைத்துப் பார்த்து, பழைய சாறன் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"ஒண்டையாவது வெச்சிக்கொள்ளுங்க நானா," என்றார் தனஞ்சயன். கேட்காமலே கிடைத்தும் அந்த மனுஷனின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"வேணாம். தனிய வெச்சா மத்ததுகளத் தேடும்."

எல்லாம் லொறியில் ஏறிய பிறகும் இவர் அந்த அறையிலேயே நின்று வெறும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தட்டுப் பலகையையும் கழட்டுங்களன். புது அலுமாரி வருதுதானே?"

"அலுமாரி ஸம்றாட உடுப்புக்கே காணாது. இது கிடக்கட்டும் புள்ள. வாற பொடியனுக்கும் தன்ட எண்டு ஏதும் வைக்க ஒரு இடம் வேணும்."

"அவன் கேட்டானா?"

"எப்படிக் கேட்பான்? நான் மாப்பிள்ளையா வந்த நேரம் என்ட உடுப்பு பேக்கு ரெண்டு வருஷமா கட்டிலுக்குக் கீழதான் கிடந்திச்சு. இஞ்ச எதத் தொட்டாலும் உன்ட உம்மாட சாமான். டெலிபோன் ஒண்ட வாங்கினாப் பிறகுதான் ஒரு பலகை அடிச்சன்."

குறையாகச் சொல்லவில்லை. துடைத்துக்கொண்டேதான் சொன்னார். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டபடி வாசலுக்கு ஓடினேன். தனஞ்சயன் லொறிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இறக்குங்க!" என்றேன்.

"எங்க வைக்கப் போறீங்க தங்கச்சி?"

"பின்னால, சமைக்கக் கட்டின குசினியில. நான் வெளியால அடுப்பு மூட்டிக்கொள்றன். அது இனி அவர்ட அறை."