நாற்பத்தேழாவது நாமம்

செவ்வாய் மதியம் இருந்தவர்கள்: மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியில் அனந்தலக்ஷ்மி மாமி, முட்டிவலி காரணமாக. தரையில் சுவரோடு சாய்ந்து சந்தனமாரி. கொச்சங்காடி இஞ்சிக் கிடங்கிலிருந்து நேராக வந்ததால் சேலையெல்லாம் தூசி. வாசற்படியில் சங்கரி, மூன்று மணிக்கு அவளுக்கு ஓட்டல் வேலை. மேசையில் நான், பேச்சி. மட்டாஞ்சேரி வெள்ளிக்கிழமைப் பூசைக் குழுவின் கடிதங்களை எழுதுகிறவள்.

வெள்ளிதோறும் நாங்கள் சொல்லும் அம்மன் நூற்றெட்டு நாமம் முதல்முறையாகப் புத்தகமாகிறது. கையெழுத்துப் படியைத் திருத்தி, ‘இயற்றியவர்’ என்ற இடத்தை நிரப்பி, அன்றே எர்ணாகுளம் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தது சந்தனமாரியின் அம்மா தங்கப்பழம். அவள் போய் நான்கு வருடம். உனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை.

நாற்பத்தேழாவதில் மாமி கண்ணாடியைக் கழற்றினார்.

“மூக்கொழுகி நிற்பவளே போற்றி. இதென்னடி பேச்சி? அம்பாளுக்கு ஜலதோஷமா?”

சங்கரி சிரித்துவிட்டாள். “வாயால சொல்லும்போ ஒண்ணும் தோணல மாமி. எழுத்துல கண்டாத்தான் கொழப்பம்.”

சந்தனமாரி சிரிக்கவில்லை. தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“அது நானாக்கும்” என்றாள்.

ஐந்து வயதில் அவளுக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வந்து படுத்திருப்பவள் அம்மன். வேப்பிலையில் கண் திறக்காமல் கிடந்தவளைத் தங்கப்பழம் அந்த ஒரு பேரை விட்டுவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். கூட வேலை செய்த கிடங்குப் பெண்கள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் போற்றி சொன்னார்கள். அம்மை இறங்கி, பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. அம்மா கூப்பிட்டது அம்மனை என்றே சந்தனமாரி இதுவரை நினைத்திருந்தாள்.

“அப்போ இத்தன வருஷமா நான் கைகூப்பி நின்னது ஆருக்கு, பேச்சி அக்கா?”

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வெள்ளைத் தாளில் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் அம்மனுக்கு, வலப்பக்கம் பிள்ளைக்கு. சிம்மத்தில் அமர்ந்தவளே, இடம். தண்ணீர் கேட்பவளே? கண் திறந்து பாராதவளே? இரவெல்லாம் எரிபவளே? நான்காவதிலேயே பேனா நின்றுவிட்டது.

“பிள்ளைக்குச் சொன்னதையெல்லாம் எடுத்துடலாம்” என்றார் மாமி.

“எடுத்தா எங்கம்மா என்னைக் கூப்பிடவே இல்லன்னு ஆயிரும் மாமி.”

மாமி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தனக்கே சொல்வதுபோல், “லலிதா ஸஹஸ்ரநாமம் எப்படி வந்ததுன்னு சொல்லுவா தெரியுமோ? அம்பாள் சபையில ஒக்காந்து கண்ணால ஜாடை காட்டினாளாம். எட்டு வாக்தேவதைகளும் எழுந்து ஆயிரம் பேரைச் சொன்னாளாம். அவாளும் அம்பாளுக்கு எதிர்ல நின்னுண்டுதான்டி அவளைக் கூப்பிட்டிருக்கா. உங்கம்மாவுக்கு யாரு ஜாடை காட்டினா, நேக்குத் தெரியலை” என்றார்.

சங்கரி மணி பார்த்தாள். “என்னத்த எழுதப்போறீங்க? இயற்றியவர்னு தங்கப்பழம் அத்தை பேரா?”

“இயற்றியவர் வேண்டாம்” என்றாள் சந்தனமாரி. “கூப்பிட்டவர்னு போடுங்க.”

எழுதினேன். ‘கூப்பிட்டவர்: தங்கப்பழம், கொச்சங்காடி. நாமங்கள் நூற்றெட்டு. ஒன்றும் குறையக் கூடாது.’ யாரைக் கூப்பிட்டார் என்று அச்சகத்தார் கேட்டால் என்ன பதில் எழுதுவது என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. படியோடு சேர்த்து மடித்து, உறையிலிட்டு, ஓரத்தை இரண்டு முறை அழுத்தி ஒட்டினேன்.

அச்சகத்துக்குப் போகச் சொல்லிவைத்திருந்த யூசுப்பின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

“ஆளு ஆரும் வரலையா, சேச்சி?”

சந்தனமாரி உறையைப் பின்சீட்டின் நடுவில் நிமிர்த்தி வைத்தாள்.

“இதுதான் ஆளு. மெல்லப் போங்க.”

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது பின்சீட்டில் அந்த வெள்ளை உறை தெரிந்தது, சாயாமல், நிமிர்ந்து உட்கார்ந்தபடி.